பால்குடமும் பிளாஸ்டிக் விமானமும்

பொங்கோல், சிங்கப்பூர்
செவ்வாய்க்கிழமை காலை

என் மதிப்பிற்குரிய பெரியண்ணன், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற திரு. கோவிந்தசாமி அவர்களுக்கு, தங்கை வசந்தகுமாரி பணிவன்புடன் வரையும் மடல். தைப்பிங்கில் தாங்களும் அண்ணியாரும் சுகமாக இருப்பீர்கள். தங்கள் முழங்காலும் முன்போல் படுத்தாமல் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. இருவர் நலம், நான் மட்டும் போன வெள்ளிக்கிழமையிலிருந்து அதிர்ச்சியில் இருக்கிறேன் என்று அறியவும்.

இந்தக் காலத்தில் தபாலில் கடிதமா என்று தாங்கள் வியக்கலாம். வாட்ஸ்அப்பில் எழுதினால் அண்ணி அதைக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவார்கள். தப்பா எடுத்துக்காதீங்க, அண்ணி மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, ஆனா போன வருஷம் என் தைராய்டு ரிப்போர்ட் கோலாலம்பூர் வரைக்கும் போயி, யார்யாரோ எனக்குப் போன் போட்டு அழுதது உங்களுக்கே தெரியும். இது அதைவிடப் பெரிய விஷயம். எம்பொண்ணு இளமதியோட நிச்சயதார்த்தம் நடக்குமா நிக்குமாங்கறதே இதுலதான் இருக்கு. இந்த மாசக் கடைசி ஞாயிறு விசேஷம், நீங்க முதல் நாள் வர்றதா சொல்லியிருக்கீங்க. அதை மாத்திட்டு நாலு நாள் முன்னாடியே வாங்க. வந்து உங்க மாப்பிள்ளை, அதான் என் வீட்டுக்காரர், வாயை மூடணும்.

நடந்ததை வரிசையா சொல்றேன், பதறாம படிங்க. இளமதியும் யதீசனும் பேட்மிண்டன் விளையாடப் போன இடத்துல பழகினது உங்களுக்குத் தெரியும். பையன் தங்கம். துறைமுகத்துல நல்ல வேலை, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். அவனோட அம்மா குணமணிதான் இழுத்துக்கிட்டே இருந்தாங்க. அவங்க யாழ்ப்பாணத்து வழி. மூணு தலைமுறையா இங்கேயே இருந்தாலும் அவங்க பக்கத்துலயே பொண்ணு எடுக்கணும்னு ஒரு ஆசை. வேண்டாம்னு சொல்லல. "பாப்பம்"னாங்க. எட்டு மாசம் பாத்தாங்க. நான் எப்ப போன் பண்ணாலும் அன்பாத்தான் பேசுவாங்க, மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு விடறேன்னு கேப்பாங்க, கடைசியில "பாப்பம்". எம்பொண்ணுக்கு முப்பத்திரண்டு நடக்குது. அவ வெளிய காட்டிக்கல, ஆனா முன்னெல்லாம் யதீசன் போன் வந்தா ரூமுக்குள்ள ஓடுவா, இப்ப சமையக்கட்டுலயே நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு வச்சிடறா.

அந்த நேரத்துலதான் தைப்பூசம் வந்துச்சு. உங்க மாப்பிள்ளை வருஷா வருஷம் பால்குடம் எடுக்கறவர்தான். ஆனா இந்த வருஷம் மாதிரி ஒரு விரதத்தை நான் பாத்ததே இல்ல. நாப்பத்தெட்டு நாள், ஒருவேளை சாப்பாடு, பாயில படுக்கை, டிவி கிடையாது. ஒரு தட்டு நாசி லெமாக் சோறு இல்லாம காலையில கண்ணே திறக்காத மனுஷன், தேக்கா மார்க்கெட்ல மீன் கடைப் பக்கம்கூட போகாம சுத்திக்கிட்டுப் போனார். சிராங்கூன் ரோட்டுல இருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் குடத்தைத் தலையில வச்சிக்கிட்டு வெறுங்காலோட நடக்கறப்போ அவர் கண்ணுல தண்ணி. என்ன வேண்டுதல்னு நான் கேக்கல. கேக்கக் கூடாது, சொன்னா பலிக்காதுன்னு எங்க வீட்டுல ஒரு பழக்கம். கேக்கத் தேவையும் இல்லைன்னு இருந்துட்டேன். கல்யாணம் தள்ளிப்போற பொண்ணை வீட்டுல வச்சிக்கிட்டு ஒரு அப்பா வேற எதுக்கு அழுவார், நீங்களே சொல்லுங்க.

ஜூன் மாசம் ஒரு சனிக்கிழமை காலையில நான் தோசைக்குச் சட்னி அரைச்சிக்கிட்டு இருக்கேன், ஹால்ல இருந்து "முருகா!"ன்னு ஒரு அலறல். விழுந்துட்டாரோன்னு ஓடினா, போனைக் கையில வச்சிக்கிட்டு சோபா மேல நிக்கறார்! ஐம்பத்தெட்டு வயசு, ரெண்டு முட்டியும் சத்தம் போடும், சோபா மேல நிக்கறார்! "குடுத்துட்டான் வசந்தா! நான் கேட்டதை முருகன் குடுத்துட்டான்!" எனக்கு வேற என்ன தோணும்? குணமணி அம்மா அவருக்கு மெசேஜ் போட்டு சரின்னு சொல்லிட்டாங்கன்னு நினைச்சேன். ரெண்டு பேரும் கையைப் புடிச்சிக்கிட்டு அழுதோம். அவர் சாமி மேடைக்குப் போனார், நான் கையைக்கூடக் கழுவாம குணமணி அம்மாவுக்குப் போன் போட்டேன். "சம்பந்தி அம்மா, ரொம்ப சந்தோஷம்! இதுக்குத்தான் அவர் நாப்பத்தெட்டு நாள் வயித்தைக் காயப்போட்டு பால்குடம் எடுத்தார், முருகன் குடுத்துட்டான்!" அந்தப் பக்கம் அவங்களும் அழ ஆரம்பிச்சிட்டாங்க. "எனக்கு இது தெரியாது பாருங்கோ. முருகன் தந்ததை நான் எப்பிடி வேண்டாம் எண்டுறது?"ன்னாங்க. அதாவது அண்ணா, அந்த நிமிஷம் வரைக்கும் அவங்க சரின்னே சொல்லல, நான்தான் சொல்ல வச்சிருக்கேன், அது எனக்குத் தெரியாது. அன்னைக்கே நாள் பாக்கச் சொல்லிட்டாங்க. நான் கேசரி கிண்டினேன். உங்க மாப்பிள்ளை மூணு தட்டு சாப்பிட்டார்.

போன வெள்ளிக்கிழமை, "வேண்டினது கைக்கே வந்து சேர்ந்தாச்சு, கோயிலுக்குப் போய் நன்றி சொல்லிட்டு வருவோம்"னார். நியாயம்தானேன்னு பட்டுப்புடவை கட்டிக்கிட்டுக் கிளம்பினேன். தேக்காவுல எனக்கு மல்லிகை வாங்கினார், முருகனுக்கு ஒரு மாலை, அப்புறம் கையால அளவு காட்டி சின்னதா இன்னொரு மாலை. பூக்கட்டற அக்கா "குழந்தைக்கா அண்ணே?"ன்னு கேட்டாங்க. இவர் சிரிச்சிக்கிட்டே தலையாட்டறார். எனக்கு வெக்கமாப் போச்சு, கல்யாணமே ஆகல, அதுக்குள்ள பேரப்பிள்ளைக்கு மாலையான்னு. டேங்க் ரோடு கோயில்ல குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்டார். இவர் தன் பேரைச் சொல்லிட்டு, பையில இருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினார். நிச்சயத்துக்குப் பட்டு எடுத்து எனக்குத் தெரியாம வச்சிருக்கார்னு கண்ணை மூடிக் கும்பிட்டேன். திறந்து பாத்தா, பெட்டி மேல ஒரு விமானம்! பின்னாடி நெருப்பு, முன்னாடி துப்பாக்கி, ரெக்கை ரெண்டும் முன்பக்கமா மடங்கி, அதுக்கு மேல அந்தக் குட்டி மாலை! குருக்கள் ஒரு கேள்வி கேக்கல. கார் சாவி, லேப்டாப்னு எல்லாத்துக்கும் அர்ச்சனை பண்ணிப் பழகினவர். பெட்டிக்கு விபூதி வச்சு, குங்குமம் வச்சு, தீபம் காட்டி, "ஜாக்கிரதையா ஓட்டுங்கோ"ன்னு சொல்லிட்டு உள்ள போய்ட்டார்.

டோபி காட்ல ரயில் ஏறினதும் பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கேட்டேன், இது என்னன்னு. அவர் பிளாஸ்டிக் விமானம் ஒட்டறது எனக்குத் தெரியாததில்ல. எங்க வீட்டுக்குள்ள இருக்கற பாம் ஷெல்ட்டர் அறையில அரிசி மூட்டைக்குப் பக்கத்துல ஒரு விமானப்படையே நிக்குது. ஆனா இது எந்த நாட்டு விமானம்னு கேட்டா, எந்த நாட்டுதும் இல்லையாம். அவர் பள்ளிக்கூடத்துல படிக்கறப்போ டிவியில வந்த ஏதோ விண்வெளி கார்ட்டூன்ல பறந்ததாம். அதுல மாடல் ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் பொம்மை வந்துடுச்சாம், கடைசி வாரத்துல நாலே நிமிஷம் வந்துட்டுப் போன மாடல் மூணுக்கு மட்டும் எந்தக் கம்பெனியும் போடலையாம். வருஷா வருஷம் ஜப்பானுக்குக் கடிதம் எழுதிப் பாத்திருக்கார், நடக்கல, அதனால முருகன்கிட்ட போயிருக்கார்! இல்லாத விமானத்துக்கு பொம்மை இல்லையேன்னு ஒரு மனுஷன் நாப்பது வருஷமா ஏங்கியிருக்கார் அண்ணா. சாங்கியில கார்கோவுல முப்பது வருஷம் வேலை பாத்தாரே, நிஜ விமானம் மூக்குக்கு முன்னாடி நிக்குமே, அதுல ஆசைப்படக் கூடாதான்னு கேட்டேன். "அதுக்கெல்லாம் ரெக்கை மடங்காது வசந்தா"ன்னார். ஜூன் மாசம் சோபா மேல நின்னது அந்தக் கம்பெனி அறிவிப்பைப் பாத்துட்டுத்தானாம். பொண்ணு கல்யாணமும் அதே நாள் முடிவானது முருகன் போட்டுக் குடுத்த கொசுறுன்னு நினைச்சிருக்கார்.

பெத்த பொண்ணைவிட பிளாஸ்டிக்கான்னு கேட்டுட்டேன். எதிர்ல உக்காந்திருந்த சீனத்துப் பாட்டி எழுந்து வேற சீட்டுக்குப் போய்ட்டாங்க. அவர் மெதுவாத்தான் சொன்னார். "முப்பத்து மூணு வருஷமா எடுக்கறேன். முதல்ல உன் பிரசவத்துக்கு. அப்புறம் இளமதி பரீட்சைக்கு, இந்த வீடு கிடைக்கறதுக்கு, உன் அண்ணன் ஹார்ட் ஆபரேஷனுக்கு, உன் தைராய்டுக்கு. கடைசி நாலு வருஷமா அவ கல்யாணத்துக்கு. போன டிசம்பர்ல அவளே வந்து, 'அப்பா, இந்த வருஷமும் எனக்காகத் தூக்காதீங்க லா, பாக்கற எனக்குக் கழுத்து வலிக்குது, உங்களுக்குன்னு ஏதாச்சும் கேளுங்க'ன்னு சொன்னா. யோசிச்சுப் பாத்தேன். எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்." அண்ணா, உண்மையைச் சொல்லணும்னா செங்காங் ஸ்டேஷன் வந்தப்போ என் கோவம் பாதி இறங்கிடுச்சு. அந்த நேரம் பாத்து மனுஷன் சட்டைப் பையில இருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார். இன்னும் வராத விமானம் பதினொண்ணு இருக்காம். தண்ணியில இறங்கறது, வாத்தியாரும் மாணவனும் சேர்ந்து உக்கார்றது, இன்னும் என்னென்னமோ. பதினோரு வருஷத் தைப்பூசத்துக்கு இப்பவே முன்பதிவு பண்ணி வச்சிருக்கார்! பொங்கோல்ல நான் அவரை விட்டுட்டு முன்னாடி நடந்து வந்துட்டேன்.

இப்ப ஆபத்து என்னன்னா, குணமணி அம்மா நிச்சயத்தன்னைக்கு சொந்தக்காரங்க எல்லார் முன்னாடியும் இவரை மேடையில நிக்க வச்சு, "பிள்ளைக்காக விரதமிருந்த தகப்பன்"னு பொன்னாடை போத்தப் போறாங்களாம். நான் இவர்கிட்ட கெஞ்சினேன், சும்மா சிரிச்சிட்டு வாங்கிக்குங்கன்னு. முடியாதுங்கறார். வேற எதுல வேணா பொய் சொல்வாராம், முருகன் விஷயத்துல சொல்ல மாட்டாராம், மைக்கைக் குடுத்தா நடந்ததைச் சொல்லிடுவாராம். இத்தனை வருஷத்துல இவருக்குக் கொள்கைன்னு ஒண்ணு இப்பத்தான் வந்திருக்கு. சொன்னா என்ன ஆகும்? முருகன் சொன்னதா நினைச்சு சரின்னவங்க, பொம்மைக்கு நடந்த விரதம்னு தெரிஞ்சா எழுந்து போயிட மாட்டாங்களா? எட்டு மாசம் காத்திருந்த எம்பொண்ணு மூஞ்சியை நான் எப்படிப் பாப்பேன்? உங்களைக் கண்டா இவர் இன்னும் வகுப்புப் பையன் மாதிரி எழுந்து நிப்பார். அதனால நீங்க வரணும், பக்கத்துலயே உக்காரணும், மைக் அவர் கைக்குப் போகாம பாத்துக்கணும். குணமணி அம்மா காதுக்கு இது ஒரு வார்த்தைகூடப் போகக் கூடாது. படிச்சதும் கடிதத்தைக் கிழிச்சிடுங்க.

அண்ணியாருக்கு என் அன்பைத் தெரிவிக்கவும், காரணத்தைத் தெரிவிக்க வேண்டாம். தங்கள் இருவருக்கும் நோய்நொடி அண்டாமல், டேங்க் ரோட்டில் நிற்கிற அந்த வேலவன், அவன்மேல் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தாலும், துணை நிற்பானாக.

இப்படிக்கு,
தங்கள் அடிபணியும் தங்கை,
வசந்தகுமாரி ரகுபதி

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குள்ள குணமணி அம்மா போன் பண்ணிட்டாங்க. மேடையில பேசப்போறதை எழுதி வச்சிருக்கேன், கேளுங்கோன்னு படிச்சுக் காட்டினாங்க. பாதியில நிறுத்தி, மூக்கைச் சிந்திட்டு, மறுபடி முதல்ல இருந்து படிச்சாங்க. என்னால தாங்க முடியல அண்ணா. அவர் வாயை மூடச் சொல்லி உங்களை வரச்சொன்ன நானே எல்லாத்தையும் கொட்டிட்டேன். சோபா, கேசரி, மாலை, நோட்டுல இருக்கற பதினொண்ணு, ஒண்ணு விடல. போச்சு, எல்லாம் போச்சுன்னு சுவத்தைப் புடிச்சிக்கிட்டேன். "அப்ப இதுல முருகன் ஒண்டும் சொல்லேல்லையோ?"ன்னு கேட்டாங்க. இல்லம்மான்னேன். "அப்ப கலியாணத்துக்கு ஓம் எண்டு சொன்னது நான்தானோ?" ஆமாம்மான்னேன். "நான் சொன்னா சொன்னதுதான்"னாங்க. அப்புறம் புளி எவ்வளவு விடறதுன்னு கேட்டுட்டு வச்சிட்டாங்க.

இளமதிகிட்ட சொன்னேன். சுவத்துல சாய்ஞ்சு சிரிக்கறா. "அம்மா, நானும் யதீசனும் மூணு மாசமா பயந்துக்கிட்டே இருந்தோம், எங்களுக்குள்ள சண்டை வந்தா அது முருகன் கூட சண்டை போட்ட மாதிரி ஆயிடுமேன்னு. அப்பா வெள்ளிக்கிழமை ராத்திரியே எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டார், நான் சனிக்கிழமையே அவன்கிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை நிம்மதியா ஒரு சண்டை போட்டோம்"ங்கறா.

அதனால நீங்க முன்னாடியே வர வேண்டாம், சொன்ன நாளுக்கே வாங்க, மைக்கை யார் வேணா பிடிக்கட்டும். கடிதத்தை மட்டும் கிழிக்காதீங்க, ஏன்னா இன்னொண்ணு கேக்கணும். அடுத்த தைப்பூசத்துக்கு நானும் பால்குடம் எடுக்கறதா முடிவு பண்ணிட்டேன். யாருக்காகவும் இல்ல, எனக்காக. என்ன கேக்கலாம்னு காலையில இருந்து உக்காந்து யோசிக்கிறேன், ஒண்ணுமே தோண மாட்டேங்குது. நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ எதுக்காவது அடம் புடிச்சது உங்களுக்கு ஞாபகம் இருந்தா, தயவுசெஞ்சு உடனே எழுதுங்க.