நாலு மூலையும் ருசி பார்த்த நைனா

சென்னையில் நாக்கை நம்பிப் பிழைப்பவர்கள் மூன்றே வகை: பாடகர், வக்கீல், எங்கள் மிக்ஸிங் நைனா.

பால் மறந்த பன்றிக்குட்டிகள் மளமளவென்று வளரத் தீவனத்தில் கலக்கும் புளிப்புப் பவுடரை விற்றது ராயப்பேட்டையில் இருந்த எங்கள் சின்ன ஆபீஸ். மேனேஜர் அடியேன். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த நான் பன்றியைப் பார்த்ததெல்லாம் எங்கள் நோட்டீஸில்தான்! தீவனம் கலப்பவர் நைனா. என்னைப் போலவே ஐம்பதைத் தாண்டியவர். கலந்த ஒவ்வொரு மூட்டையிலும் நாலு இடத்தில் கிள்ளி வாயில் போடுவார்.

"நம்ம வாய்க்கே ஆவலன்னா குட்டி எப்டி சார் துன்னும்?"

இந்த வியாதி ஆபீஸோடு நிற்கவில்லை. எங்கள் வீட்டுப் பாயசத்தைக் குடித்துவிட்டு, "மேல வெறும் பாலு, அடில சக்கர. யாரு மாமி கலக்குனது?" என்று கேட்டார். என் மனைவி என்னைக் கை காட்டினாள்.

அவர் லீவில் இருந்த நாள் பார்த்து, வேளச்சேரி தாண்டிப் பண்ணை வைத்திருக்கும் செல்வி அக்காவுக்கு அவசரமாகத் தீவனம் தேவைப்பட்டது. நானே கலந்தேன். பவுடரை முதலில் கொஞ்சம் தவிட்டில் பிசறி, பிறகு சிறுகச் சிறுகப் பெருக்க வேண்டும். நான் மூட்டைக்குள் மொத்தமாகக் கொட்டி, கரண்டியால் இரண்டு கிண்டு கிண்டினேன். மேனேஜர் அல்லவா!

இரண்டே நாளில் அக்கா போனில் அழுதாள்.

"இன்னா சார் குட்த்த? தாய்கிட்டேர்ந்து பிரிச்சதுலேர்ந்து பன்னண்டு குட்டியும் வாயே வெக்கல. செத்துப்பூடும் சார்!"

நைனாவை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு, மெட்ரோ பள்ளங்களைச் சுற்றி ஆட்டோவில் ஓடினேன். பண்ணையில் அவர் தீவனத் தொட்டியின் நாலு மூலையிலும் கிள்ளிப் பார்த்தார்.

"இங்க ஒண்ணுமே இல்ல. இங்க... த்தூ! ஒரே புளிப்பு."

நானும் வீரமாகக் கையை நீட்டினேன். பட்டென்று தட்டிவிட்டார்.

"உனுக்கு வேணாம் சார். கருவாட்டுத் தூளு கீது."

அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். "யாரு இத்த கலந்தது?"

நான் வாய் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார். "நான்தான்க்கா. லீவுல போற அவசரம்."

அக்கா வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டே புதிதாகக் கலந்து கொட்டினார். ஒரு குட்டி முகர்ந்தது, நக்கியது. அப்புறம் தொட்டியே தெரியவில்லை, பன்னிரண்டு வால்கள்தான் தெரிந்தன.

திரும்பும்போது, "ஏன் நைனா அப்படிச் சொன்னே?" என்றேன்.

"மேனேஜருக்கே கலக்கத் தெர்லன்னா அந்த அக்கா நம்ம பவுடர வாங்குமா? கம்முனு வா சார்."

கலப்பதில் தப்பே செய்யாத மனுஷன், வாழ்நாளில் ஒத்துக்கொண்ட ஒரே தப்பு என்னுடையது.