பூஜை போட்ட போல்ட்

பெண் பார்க்கப் போகிறவன் முடி வெட்டிக்கொள்ளலாம், மீசையைத் திருத்தலாம். கார் எஞ்சினைப் பிரிக்கக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அப்போது நான் அவ்வளவு பெரிய மேதை.)

மலேசியாவின் கோலசிலாங்கூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வைத்து, என் பழைய சின்னக் காருக்கு டர்போ மாட்டிக்கொண்டிருந்தேன். டர்போ எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஊதும். பூஸ்ட் என்கிற அந்த அழுத்தம், மேலே மூடியாக இருக்கும் ஹெட்டைத் தூக்கப் பார்க்கும். அதை இறுக்கிப் பிடிக்கக் காரோடு வந்த பழைய போல்ட்டுகளையே போடலாம். இல்லை, வலுவான புது ஸ்டட்டுகளை வாங்கலாம். நான் ஸ்டட்டுக்குத்தான் ஆர்டர் கொடுத்திருந்தேன். "பூஸ்ட் வெச்சா ஸ்டட்டுதாம்பா. போல்ட்டு போடறவன் மடையன்" என்று கூட்டாளிகளிடம் ஒரு மாதம் பிரசங்கமும் செய்திருந்தேன்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனர், ஜாக், கழற்றி வைத்திருந்த பத்து போல்ட்டுகள் எல்லாவற்றையும் அம்மா வாழையிலையில் அடுக்கினார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் மரை முழுக்கச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். மறுநாள் ஸ்டட் பெட்டி வந்து சேர்ந்தது.

"சாமி கும்பிட்டத விட்டுட்டு கும்பிடாததயா போடுவ? பொண்ணு பாக்கப் போற காருடா" என்றார் அம்மா.

சிரிக்காதீர்கள், எனக்கு அது நியாயமாகப் பட்டது. சந்தனத்தைத் துடைக்கக்கூட மனம் வராமல் அப்படியே போட்டு முறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, அத்தை, மாமா, நான் என ஐந்து பேர் சுங்கை ஆயர் தாவாருக்குக் கிளம்பினோம். (ஒற்றைப்படையில் போனால்தான் காரியம் கூடுமாம். அத்தையின் கட்சி.) செகிஞ்சான் தாண்டியதும் முன்னால் ஒரு லோரி ஊர்ந்தது. மாப்பிள்ளை மிடுக்கில் ஒரு மிதி மிதித்தேன். கார் பறந்தது, அத்தை "முருகா!" என்றார், பூஸ்ட் முள் ஏறியது, கொஞ்ச நேரத்தில் சூட்டு முள்ளும் ஏறியது. ஏறியது இறங்கவே இல்லை. பெண் வீட்டு வாசலில் போய் நின்றபோது பானெட்டிலிருந்து கிளம்பிய வெள்ளைப் புகையில், வரவேற்க வந்தவர்களுக்கு எங்கள் முகமே தெரியவில்லை.

பெண்ணின் அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் வைத்திருந்தார். லோரி எஞ்சின்களோடு வளர்ந்தவள் அவர் மகள் தேவிகா. (இதைத் தரகர் எங்களிடம் சொல்லவில்லை.) அவள் தேநீர்த் தட்டோடு வந்தபோது நான்தான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவளோ என்னைப் பார்க்காமல் ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தாள்.

"டர்போவா?"

"ஆமா."

"ஹெட்டுக்கு போல்ட்டா, ஸ்டட்டா?"

"போல்ட்டு."

"புதுசா?"

"பழசுதான். ஆனா சாமி கும்பிட்டது."

கூடத்தில் எல்லோர் கையும் தட்டிலேயே நின்றுவிட்டது. மாமா மட்டும் கேசரியை விடவில்லை.

வழக்கமாக, மாப்பிள்ளை வீட்டார் பலகாரம் சாப்பிட்டுக் கிளம்ப வேண்டும். பெண் வீட்டார் "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். நம் தலை மறைந்த பிறகு உட்கார்ந்து நம்மைக் கிழிப்பார்கள். நாங்கள்தான் கிளம்ப முடியவில்லையே! பாவம், அவர்கள் சமையலறையில் கூடிக் குசுகுசுத்தால், தண்ணீர் கேட்டு அம்மா உள்ளே போய்விடுவார். கொல்லைக்குப் போனால் அங்கே அப்பா உலாத்திக்கொண்டிருப்பார். இரண்டாம் தேநீர் வந்தது, பிறகு மதியச் சாப்பாடும் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த மூன்று கேள்விகளிலேயே பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

எஞ்சின் ஆறியதும் தேவிகா சேலையை மாற்றிவிட்டு, அப்பாவின் எண்ணெய்க்கறைச் சட்டையோடு வந்தாள். ஹெட்டுக்கும் மேலே இருந்த தகட்டு மூடியைக் கழற்றி ஒரு போல்ட்டில் ஸ்பேனரை வைத்தாள். ஒற்றைக் கையிலேயே சுழன்று வந்தது. மரை முழுக்கக் காய்ந்த சந்தனம்.

"முறுக்குன முறுக்கெல்லாம் சந்தனத்துக்கே போயிருச்சிலா! ஹெட்ட எங்க புடிக்கும்? பழசு வேற, இழுபட்டு நீண்டு கெடக்கு. ஸ்டட்டு வாங்கலயா?"

"வாங்கினேன். கார் பின்னால இருக்கு."

"பின்னாலயா? எதுக்கு?"

"ஸ்பேருக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் கீழே விழுந்தது. அவள் அப்பா தலையைச் சொறிந்தார். "என்னம்மா சொல்ற? சொல்லி அனுப்பலாம்னா இவங்க போற மாதிரி தெரியல."

"சரின்னு சொல்லிருங்கப்பா. ஆனா காரு இங்கயே இருக்கட்டும். ஸ்டட்ட நான் போட்டுக்கறேன். இவரு கிட்ட வர வேணாம்."

அன்று மாலை அவள் அப்பாவின் குலை லோரியில் பின்பக்கம் ஏறி நின்றபடி கோலசிலாங்கூர் வரை பல்லைக் காட்டிக்கொண்டே வந்தேன்.

தேவிகா போட்ட ஸ்டட் இன்றுவரை அசையவில்லை. என் மானம்தான் இன்னும் கழன்றுகொண்டிருக்கிறது. எங்கள் வீட்டு விருந்துகளில் யாராவது சாப்பிட்டு முடித்தும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தால், மாமனார் என் பக்கம் சாய்ந்து ஊருக்கே கேட்கும்படி ரகசியமாகக் கேட்பார்: "என்னா மாப்ள, இவருக்கும் பொண்ணு குடுத்தாத்தான் போவாரா?"