ஏர்லாக்கின் கசகசா சோதனை

திருக்கோகர்ணத்தில் எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கடவுள். அவருக்கும் சந்தேகம் வந்தால் ஏர்லாக்கைத்தான் கூப்பிட்டனுப்புவார்.

ஏர்லாக் எங்கள் தெரு பிளம்பர். குழாயில் தண்ணீர் வரவில்லையா, "காத்து அடைச்சிருக்குங்க, ஏர்லாக்." பைக் கிளம்பவில்லையா, ஏர்லாக். கோபித்துக்கொண்டு போன எதிர்வீட்டு மருமகன் போனை எடுக்காததற்கும் அதே காரணம். வேலைக்கு வந்தால் முதலில் சுவரில் காதை வைத்துக் கண்ணை மூடுவார். பத்து நிமிடம் அசைய மாட்டார். ஒருமுறை அவர் பக்கத்தில் நானும் காதை வைத்துப் பார்த்தேன். எங்கோ தொலைவில் ஓர் ஆறு தூக்கத்தில் புரண்டு படுப்பது போலிருந்தது. அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்.

"சார், லீக்கு பாத்ரூம்ல. எந்திரிங்க" என்று அவர்தான் எழுப்பினார்.

சென்ற ஆடி இரண்டாம் செவ்வாய் அவருக்கு முதல் காய்ச்சல். சிறுநீரில் கிருமி என்று மாத்திரை கொடுத்தார்கள், போனது. பதினெட்டாம் நாள் திரும்பி வந்தது. கார்த்திகைக்குள் நான்கு காய்ச்சல். ஆள் பாதியாகிவிட்டார். நான்காம் முறை டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன்.

"ஒண்ணுக்குப் போறப்ப காத்து வருதுங்க டாக்டர். மோட்டார் நின்னு மறுபடி போட்டா கொழாய் புஸ்ஸு புஸ்ஸுன்னு துப்புமே, அப்புடி."

"தண்ணி நெறைய குடிங்க."

"தண்ணி கொறையலைங்க. ரெண்டு லைன் கலந்துருக்கு."

"இது வீடு இல்லங்க, உடம்பு" என்று டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்துவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் ஏர்லாக் கண்ணை மூடி உட்கார்ந்தார். "கண்ண மூடுனா ஒடம்பே மாடி வீடு மாதிரி தெரியுது சார். மேல கொடலு. கீழ மூத்திரப்பை, தொட்டி கணக்கா. நடுவுல எங்கிட்டோ ஒரு ஓட்டை." குரல் தாழ்ந்தது. "இன்னொரு காய்ச்ச வந்தா நான் எந்திரிக்க மாட்டேன். ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க."

சாக்கடை குடிநீரில் கலக்கிறதா என்று சந்தேகம் வந்தால், சாக்கடைப் பக்கம் உமியைக் கொட்டிவிட்டுக் குழாயடியில் காத்திருப்பது அவர் வழக்கம். குழாயில் உமி வந்தால் வழக்கு தீர்ந்தது. அதையே தன்மேல் செய்து பார்க்க முடிவெடுத்தார். உமிக்குப் பதில் கசகசா.

"அரைக்காத கசகசாவ யாராச்சும் திம்பாங்களா?" என்றார் அவர் மனைவி.

"தயிர்ல கலந்து குடு. மெல்லாம முழுங்கணும். சார், நீங்க நேரம் குறிச்சுக்கங்க."

வியாழன் காலை எட்டு மணிக்கு மூன்று கரண்டி. வெள்ளி காலை ஆறு நாற்பதுக்குப் பாத்ரூமிலிருந்து கூச்சல்: "சார்! உமி வந்துருச்சு!"

சிறுநீர் பிடித்த பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். மஞ்சள் நீரில் வெள்ளைப் புள்ளிகள் அவசரமில்லாமல் மிதந்து இறங்கின. நான் சீட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பந்தயத்தில் ஜெயித்தவர்போல் சிரித்தவர், மனைவியின் முகத்தைக் கண்டதும் பாட்டிலைத் துண்டில் சுற்றிவிட்டார்.

இம்முறை பெரிய ஆஸ்பத்திரி. அறுவை மருத்துவர் ஒரு பெண். பாட்டிலைப் பார்த்தார், என் சீட்டிலிருந்த நேரங்களைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"ஐயா, இது எங்க பாடத்துலயே இருக்குற டெஸ்ட். ஒங்களுக்கு யார் சொல்லிக்குடுத்தது?"

"உமி போட்டுப் பாக்குறது எங்க பழக்கம்ங்க மேடம்."

குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே இருக்கக் கூடாத வழி, ஃபிஸ்டுலா என்றார். ஸ்கேனும் அதையே சொன்னது.

"ஜாயின்ட்ட வெட்டிட்டு ரெண்டு பக்கமும் அடைக்கணும், இல்லங்களா?"

"அதேதான்."

"அப்ப செய்ங்க" என்று சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். "இன்னிக்கு இல்லைய்யா" என்று மருத்துவர் தடுக்க வேண்டியதாயிற்று.

அறுவை முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, சிறுநீருக்கு வைத்திருந்த டியூபை எடுத்தார்கள். அன்று மதியம் கழிவறைக்குள் தனியாகப் போனார். அவர் மனைவியும் நானும் தகரக் கதவுக்கு வெளியே நின்றோம். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு கேட்டது: துப்பல் இல்லை, விக்கல் இல்லை, அறுபடாத ஒரே கம்பி.

"காத்து இல்ல, தாயி!" என்றது உள்ளிருந்து ஒரு குரல். அந்தம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பாறையில் ஸ்வரங்களை வெட்டிவைத்திருக்கும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டின் முன்னால் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். ஒரு ஸ்வரமும் காதில் விழுந்ததில்லை. அன்று அந்தக் கதவருகே நின்றபோது, இந்தச் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கட்டும் என்று மனம் கெஞ்சியது.