மந்திரிக்காத செட்டி

பஸ்தியாம்பிள்ளை கடைசியில் தன் வீட்டுச் செட்டியில், மெத்தை வைத்த அந்த சோபாவில், உட்கார்ந்தே விட்டார். எழும்பத்தான் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பகல் வெக்கை. உடம்பில் பெனியன்கூட இல்லை. மெத்தைக்குப் போட்டிருந்த பொலித்தீன் உறை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. பெண்சாதி மார்ஜரி டவுன் கோயிலில் மரியாயின் சேனைக் கூட்டத்தில் இருக்கிறாள். அவள் திரும்பி வருவதற்குள் எழும்பியாக வேண்டும். உட்கார்ந்த தடயமும் இருக்கக் கூடாது.

சொந்த வீடு, சொந்தச் செட்டி. உட்காருவதற்கோ கள்ளனைப்போல ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கிறது. இந்த அநியாயத்தைக் கேட்க அலுவிகாரை ஊரில் ஒரு நாதி இல்லை.

அதிலும் பஸ்தியாம்பிள்ளைக்குத் தொழிலே நிற்பதுதான். மாத்தளை டவுனில் மக்கீன் முதலாளியின் புடவைக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவர். அங்கே வேலையாட்கள் உட்காரக் கூடாது. காலிலே நரம்பு புடலங்காய் மாதிரி சுருண்டு கிடக்கிறது. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் நிற்பு. கால் கடுத்தால் அடுப்படியில் தேங்காய் துருவுகிற பலகையில் குந்திக்கொள்ள வேண்டியதுதான்.

மார்ஜரியைச் சும்மா குறை சொல்லவும் முடியாது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவர்கள் வீடு சாமான் சட்டியோடு எரிந்து போனது. சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்ற மார்ஜரி அழவில்லை. "எரிச்சவனுக எரிக்கட்டும். இதே ரோட்டுல, அவனுக கண்ணு முன்னாலயே செட்டி வாங்கிப் போட்டுக் காட்டுறேன்" என்று சபதம் போட்டாள். சீட்டுப் பிடித்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, போன வருஷத் தொடக்கத்தில் மொறட்டுவையிலிருந்து லொறியில் இறக்கியும் விட்டாள். மெரூன் வெல்வெட். கைப்பிடிகளுக்கு அவளே குரோஷா பின்னிப் போட்டாள். அன்றைக்குப் பஸ்தியாம்பிள்ளைக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் போனது.

நிமிர்ந்த நெஞ்சோடு உட்காரப் போனவரை மார்ஜரி ஒரே சத்தத்தில் நிறுத்தினாள்.

"ஃபாதர் வந்து செபம் சொல்லி மந்திரிக்காம ஒருத்தரும் உக்காரக் கூடாது! பொலித்தீனையும் கழட்டக் கூடாது!"

அவருடைய பழைய சாய்மனைக் கதிரை செட்டியோடு 'சேரவில்லை' என்று லொறிக்காரனோடு போய்விட்டது. ஃபாதர் சில்வெஸ்டர் வருகிறேன் என்ற நாளில் ஊரடங்கு. ஊரடங்கு இல்லாத நாளில் பஸ் ஓடவில்லை. பஸ் ஓடிய நாளில் ஃபாதருக்குக் காய்ச்சல். நாட்டு நிலைமை அப்படி. ஒரு கூட்டம் கடையைத் திற என்னும், இன்னொரு கூட்டம் திறந்தால் சுடுவேன் என்னும். நாளைக்கு யார் இருப்பார்கள் என்று தெரியாத காலத்தில், ஒன்றரை வருஷமாக அந்தச் செட்டி மட்டும் அலுங்காமல் குலுங்காமல் இருந்தது.

இன்றைக்குக் காலைப் பூசையில் ஃபாதர் பிரசங்கம் வைத்தார். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டி, "நெஞ்சே, இனி நீ உண்டு குடித்து இளைப்பாறு" என்று சொல்லிக்கொண்ட பணக்காரனின் கதை. அந்த இரவே அவன் உயிர் கேட்கப்பட்டது. "சேர்த்து வைத்ததெல்லாம் இனி யாருக்கு?" என்று ஃபாதர் கேட்டார். பஸ்தியாம்பிள்ளைக்கு அது தன்னைப் பார்த்துக் கேட்டது போலவே இருந்தது.

பூசை முடிந்து கோயில் வாசலில் மெல்ல ஆரம்பித்தார்.

"மார்ஜரி, பிரசங்கம் கேட்டியா?"

"கேட்டேன். நம்ம பக்கத்து வீட்டு சூசையம்மாவுக்குன்னே சொன்ன மாதிரி இருந்திச்சு."

"இன்னைக்கு ராத்திரியே என் உசிரு போச்சுன்னா?"

"போகாது. காலையில நாலு ரொட்டி தின்னீங்க."

"போச்சுன்னு வச்சுக்கயேன்! செத்த வீட்டுக்கு வர்றவன் பூரா அந்தச் செட்டியில உக்காருவான். நான் ஒருத்தன்தான் உக்காராமலே போயிருப்பேன்."

மார்ஜரி முக்காட்டைச் சரி செய்தாள். "ஒருத்தனும் உக்கார மாட்டான். செத்த வீட்டுக்கு வாடகைக்குக் கதிரை எடுப்பேன்."

இதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்வான்? நேரே வீட்டுக்கு வந்தார், சட்டையைக் கழற்றினார், ஜன்னலைச் சாத்தினார், உட்கார்ந்தார். எழும்ப முடியாமல் இருப்பது இப்படித்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே உன்னாக உன்னினார். 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். கிழிந்தது முதுகா பொலித்தீனா என்று ஒரு கணம் தெரியவில்லை. பொலித்தீன்தான். முதுகாக இருந்திருந்தால் பரவாயில்லை; முதுகை மார்ஜரி பார்ப்பதில்லை.

டேப் ஒட்டினார். மண்ணிற டேப் அது. மெரூன் வெல்வெட்டின் மேல், மண்டை உடைந்தவனுக்குப் போட்ட கட்டு மாதிரி தெருவரைக்கும் தெரிந்தது. அதை உரித்தார். டேப்போடு இன்னும் ஒரு சாண் பொலித்தீன் கிழிந்து வந்தது.

அப்போதுதான் தொழில் புத்தி வேலை செய்தது. கடையில் சட்டை போட்டுக் கொடுக்கும் பொலித்தீன் பையின் வாயை மடித்து, மெழுகுதிரிச் சுடரில் ஒரு இழுப்பு இழுத்தால் அச்சடித்தது போல் ஒட்டிக்கொள்ளும். தினமும் செய்கிற வேலைதானே! கடைப் பைக்கு வாய் உண்டு, இதுவோ மெத்தையின் வயிறு என்பதை அவர் யோசிக்கவில்லை.

வீட்டு மெழுகுதிரியெல்லாம் கரண்ட் வெட்டில் தீர்ந்திருந்தது. மாதா சுரூபத்துக்கு முன்னால் மந்திரித்த திரி ஒன்று மட்டும் இருந்தது. "தாயே, ஆபத்துக்குப் பாவமில்ல" என்று அதை எடுத்துக் கொளுத்தினார்.

பொலித்தீன் ஒட்டவில்லை. சுருண்டது, உருகியது, சொட்டியது. வெல்வெட்டில் குபுக்கென்று நெருப்புப் பிடித்தது. கைக்கு அகப்பட்ட போத்தலைத் திறந்து கவிழ்த்தார். நெருப்பு அணைந்த பிறகுதான் பார்த்தார். மடு மாதா கோயிலிலிருந்து மார்ஜரி கொண்டுவந்து வைத்திருந்த தீர்த்தம். ஃபாதரால் ஒன்றரை வருஷமாக முடியாத காரியம் ஒருவழியாக நடந்து, செட்டி மந்திரிக்கப்பட்டு விட்டது. நடுவில் ஆப்பை நுழைகிற அளவு ஒரு ஓட்டையும் விழுந்திருந்தது.

இனிப் போக ஒரே இடம்தான் இருந்தது. டவுன் எல்லையில் யஹ்யாவின் குஷன் கடை. முஸ்லிம் கடை, ஞாயிறும் திறந்திருக்கும். அந்த ஒரு மெத்தையை மட்டும் உருவி அரிசிச் சாக்கில் திணித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, தோளில் தூக்கி நடந்தார்.

கேட்டைத் தாண்டியதுமே சூசையம்மா. அவளும் மரியாயின் சேனைதான். கூட்டத்துக்குப் பிந்திப் போய்க்கொண்டிருந்தாள்.

"சாக்குல என்னண்ணே?"

"பலாக்காய்."

"ஐயோ, நல்லதாப் போச்சு! பாதி வெட்டி எனக்குத் தாங்க. பொலஸ் கறி திங்கணும்னு நேத்துதான் நெனைச்சேன்."

"இது... இன்னும் பிஞ்சு தங்கச்சி."

"பிஞ்சுலதானே பொலஸ் வைக்கிறது!"

விடாமல் பின்னாலேயே வந்தாள். சோதனைச் சாவடி வரைக்கும் வந்தாள். அங்கே துவக்கோடு நின்ற ஆமிக்காரப் பையன் சாக்கைக் காட்டி, "மேகே மொனவத?" என்று கேட்டான். சாக்கில் என்ன என்கிறான்.

பலாக்காய் என்றால் ஆமிக்காரனுக்குப் பொய். மெத்தை என்றால் சூசையம்மாவுக்குச் சொன்னது பொய். பஸ்தியாம்பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து முழித்தார். முழிக்கிறவனை எந்தச் சாவடியும் சும்மா விடாது. பையன் கையிலிருந்த கூர்க்கம்பியால் சாக்கை ஒரு குத்துக் குத்தினான். இந்தப் பக்கம் போன கம்பி அந்தப் பக்கம் மெத்தைக்குள் அடைத்த தேங்காய்த் தும்போடு வெளியே வந்தது.

சாக்கை அவிழ்த்து மெத்தையை வெளியே எடுத்தார்கள். வெயிலில் வெல்வெட் மின்னியது.

"ஓஹோ" என்றாள் சூசையம்மா. "வெல்வெட்டுப் பலாக்காய் இப்பத்தான் பாக்கிறேன்."

"ஏன் இதை ஒளித்துக் கொண்டு போகிறாய்?" என்று பையன் சிங்களத்தில் அதட்டினான். பஸ்தியாம்பிள்ளைக்கு உண்மையைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. "என் வீட்டுச் செட்டியில் நான் உட்கார்ந்துவிட்டேன், மஹத்தயா. பெண்சாதிக்குத் தெரியாமல் தைக்கப் போகிறேன்" என்று அவரும் சிங்களத்திலேயே சொன்னார். பையன் துவக்கைச் சாய்த்து வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், அந்த ரோட்டில் போனவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். போ, போ என்று கையைக் காட்டினான்.

சூசையம்மா ஏற்கனவே போய்விட்டாள். கோயிலை நோக்கி அவள் அவ்வளவு வேகமாக நடந்ததை அதுவரை யாரும் கண்டதில்லை.

குஷன் கடையில் யஹ்யா தும்பு உதறிக்கொண்டிருந்தார். தாடி முழுக்கத் தும்பு. மெத்தையை வாங்கி, எரிந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். கம்பி போன ஓட்டை வழியாகவும் பார்த்தார். உறையின் ஓரத் தையலையும் ஒருதரம் தடவிப் பார்த்தார். பழைய லொறி சீட் ஒன்றை இழுத்துப் போட்டு, "உக்காருங்க அண்ணே" என்றார்.

ஒன்றரை வருஷத்தில் பஸ்தியாம்பிள்ளையை உட்காரச் சொன்ன முதல் மனிதர். பழக்க தோஷத்தில் பொலித்தீன் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கிழிந்த சீட், ஸ்பிரிங் குத்தியது. ஆனாலும் காலிலிருந்து வலி இறங்கிய சுகத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு கோபமும் வந்தது.

"யஹ்யா நானா, எண்பத்து மூணுல எங்க சாமான் பூரா எரிஞ்ச அன்னைக்கு நாங்க கோயில் விறாந்தையில கெடந்தோம். மார்ஜரி கையில ஒரு செபமாலை, அவ்வளவுதான். நம்புவீங்களோ என்னமோ, என் தோள்ல சாஞ்சு நிம்மதியாத் தூங்கினா. இந்தச் செட்டி வந்த நாள்லருந்து நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்ததே இல்ல."

யஹ்யா தும்பை உதறுவதை நிறுத்தினார்.

"எங்க ஆண்டவருக்குத் தலை சாய்க்க எடமில்லன்னு வேதத்துல இருக்கு. அவருக்கு எடமே இல்ல, சரி. எனக்கு இருக்கு நானா! மெரூன் வெல்வெட்டுல இருக்கு! இருந்தும் சாய்க்க முடியலயே, இது எந்த வேதத்துல இருக்கு? எரிச்சவனுகளுக்குப் பாடம் காட்டத்தான் செட்டி வாங்கினோம். அவனுக பாத்தானுகளோ இல்லயோ, நாங்க ரெண்டு பேரும் காவல்காரராப் போனதுதான் மிச்சம்."

"நாளைக்குத் தச்சுத் தாறேன் அண்ணே. பாத்தாத் தெரியாது."

"வேணாம்!"

பஸ்தியாம்பிள்ளை எழுந்தே விட்டார். வாழ்நாளில் எந்த முதலாளியிடமும் காட்டாத குரல் அது.

"தைக்காதீங்க. ஓட்டையோடயே கொண்டு போறேன். இந்நேரம் சூசையம்மா சொல்லியிருப்பா. சொல்லட்டும்! ஒரு கத்தி குடுங்க. மிச்சப் பொலித்தீனையும் கிழிச்சு எறிஞ்சிட்டு, நடு வீட்டுல, மார்ஜரி கண்ணு முன்னாலயே கால் மேல கால் போட்டு உக்காரப் போறேன். ஏசினா ஏசட்டும். இவ்வளவு காலமா அவ அந்தச் செட்டிய வணங்கினா, நானும் கூட நின்னு கை கட்டினேன். இனி முடியாது!"

யஹ்யா தாடியிலிருந்த தும்பை ஒவ்வொன்றாக எடுத்தார். கத்தியை எடுத்து நீட்டினார். நீட்டியவர் பிடியை விடவில்லை.

"உக்காருங்க அண்ணே, நல்லா உக்காருங்க. ஆனா அக்காவ மட்டும் ஏசிறாதீங்க."

"ஏன் ஏசக் கூடாது?"

"இந்த மெத்தையில இருக்கிற வெல்வெட்டும் பொலித்தீனும் மொறட்டுவையில போட்டதில்ல, போன மாசம் நான் போட்டது. நீங்க கடைக்குப் போனதும் அக்கா தெனம் பொலித்தீனைக் கழட்டிட்டு அதுலதான் உக்கார்றாங்களாம். ஒரு கண்ணு கேட்டுலயே இருந்ததுல, தேத்தண்ணிக் கோப்பை கவுந்துருச்சாம்."

பஸ்தியாம்பிள்ளையின் கை கத்தியை விட்டது.

"என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க அண்ணே: 'எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்லிறாதீங்க நானா, தெரிஞ்சா அவரும் உக்காரக் கேப்பாரு.'"