நந்திதா அழாத விவகாரம்

பள்ளி திறந்த பத்து வேலை நாட்களுக்குள் எல்.கே.ஜி. குழந்தைகள் அழுது முடித்துவிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. நியாயமான உத்தரவுதான். எந்தக் காரியத்துக்கும் ஒரு காலக்கெடு வேண்டாமா? ரோடு போடுகிறவர்களுக்கே காலக்கெடு இருக்கிறது. அவர்கள் அதை மதிக்கிறார்களா என்பது வேறு சங்கதி, அதை இங்கே பேச வேண்டாம்.

சூலூர்ப் பக்கம், ஒரு புறம் நூல் மில்லும் மறுபுறம் தென்னந்தோப்புமாக இருக்கிற ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளி. அதில் கிருபாவதி மிஸ் எல்.கே.ஜி. எடுக்கிறாள். எட்டு வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு ஜூன் முப்பதாம் தேதியும் வேலை போய்விடும். மேலிடம் மனசு வைத்தால் ஜூலை ஒன்றாம் தேதி திரும்பி வரும். எட்டு முறை வந்துவிட்டது. ஒன்பதாவது முறை வருமா என்பதுதான் இந்தக் கதை.

வகுப்பில் இருபத்திரண்டு குழந்தைகள். முதல் நாள் இருபத்தொரு பேர் முறைப்படி அழுதார்கள். மனோஜ்குமார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்டப் போகோணும்" என்று ரோட்டில் போகிற பஸ்ஸுக்கெல்லாம் மனு கொடுத்தான். ஜேக் வாந்தி எடுத்துவிட்டு அழுதான். கரோலினுக்கு அழ ஒரு காரணமும் இல்லை. எல்லாரும் அழும்போது சும்மா இருந்தால் நன்றாயிருக்காதே என்று அழுதாள்.

கிருபாவதி அசரவில்லை. ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டாள், இன்னொன்றுக்கு முந்தானையைப் பிடிக்கக் கொடுத்தாள். "பையை ஆணியில மாட்டுங்க கண்ணு. செருப்பை ஜோடி சேர்த்து வையுங்க. கையைக் கழுவுங்க. லைன்ல நில்லுங்க, முன்னால இருக்கறவங்க தோள்ல கை வையுங்க. அம்மா சாயந்தரம் வந்துருவாங்க." இதையே ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொன்னாள். ஒன்பதாம் நாள் வகுப்பு அடங்கிவிட்டது. மனோஜ்குமார்கூட பஸ்ஸுக்கு டாட்டா காட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டான்.

இருபத்திரண்டாவது குழந்தை நந்திதா. வயது மூன்றே முக்கால். முதல் நாள் வந்தாள், பையை மாட்டினாள், "சோறு எப்பங்க மிஸ்?" என்று கேட்டாள், உட்கார்ந்தாள். அழவில்லை. இரண்டாம் நாளும் அழவில்லை. வேறு காலமாக இருந்தால் சமத்துப் பிள்ளை என்று கன்னத்தைக் கிள்ளியிருப்பார்கள். இந்த வருஷம் 'புன்னகை' செயலி வந்துவிட்டது.

செயலியில் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கு கட்டங்கள். அழுகை தொடங்கிய நாள். அழுகை நின்ற நாள். நிறுத்தக் கையாண்ட உத்தி. கண்ணீர் தெளிவாகத் தெரியும் புகைப்படம். நான்கும் நிரம்பினால் குழந்தை பள்ளிக்கு இசைந்துவிட்டதாகப் பச்சை விளக்கு எரியும். வகுப்பு முழுவதும் பச்சையானால்தான் ஆசிரியைக்குப் பணி நீட்டிப்பு. அழாத குழந்தைக்குக் கட்டமே இல்லை.

"ஏதாவது ஒரு தேதியப் போட்டுடுங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியர் திருமலைசாமி.

"தேதி போட்டுருவனுங்க சார். கண்ணீருக்கு எங்க போறதுங்க?"

திருமலைசாமி ஒருங்கிணைப்பாளர் சத்தியசீலனுக்குப் போன் போட்டார். ஒன்றியத்தில் அழுகை சம்பந்தப்பட்ட சகல அதிகாரமும் அவரிடம்தான் இருந்தது.

"அந்தப் புள்ள அழுகவே இல்லீங்களே," என்றார் திருமலைசாமி.

"அழுகாத குழந்தை எப்படிங்க சார் அழுகைய நிறுத்தும்?"

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்."

"அழுகைய நிறுத்தாத குழந்தை இசைஞ்சிருச்சுன்னு எப்படிங்க எழுதறது? இசையாத குழந்தைன்னா டீச்சர் சரியாப் பார்த்துக்கலைன்னுதானுங்க அர்த்தம்?"

இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்கத் திருமலைசாமியால் முடியவில்லை. போனை வைத்துவிட்டு, "அவரு சொல்றதும் சரிதானுங்க டீச்சர்," என்றார். "முப்பதாந்தேதிக்குள்ள எப்படியாவது அழுக வெச்சுப்போடுங்க."

கிருபாவதி நந்திதாவின் அம்மா கீதாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். மில்லில் ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத் துணுக்கோடு ஓடி வந்தாள் கீதா.

"ஆறு மாசத்துலயே மில்லுக் காப்பகத்துல உட்டுப்போட்டனுங்க மிஸ். அங்கயே அழுது முடிச்சுப்போட்டா. அந்தத் தேதி வேணா எழுதிக்கிறீங்களா?"

சேர்க்கைக்கு முந்தைய அழுகையைச் செயலி ஏற்கவில்லை.

கீதாவுக்கு முகம் வாடிவிட்டது. "எம்புள்ளைக்கு ஏதாச்சும் கொறைங்களா மிஸ்? டாக்டருகிட்டக் காட்டோணுங்களா?"

"ஒரு கொறையும் இல்லீங்க," என்றாள் கிருபாவதி. குறை யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி அவள் நந்திதாவின் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி மேசைக்குள் வைத்தாள். "வச்சுக்குங்க மிஸ், உங்களுக்குத் தாகமா இருக்கும்," என்றாள் நந்திதா. கிள்ளிப் பார்க்கலாமா என்றுகூடக் கிருபாவதியின் கை ஒரு கணம் எழுந்தது. சீ, என்ன பிழைப்பு இது என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

முப்பதாம் தேதி நேரிலேயே வந்து இறங்கினார் சத்தியசீலன். ஒன்றியத்தில் எல்லாக் குழந்தைகளும் பச்சை. இந்த ஒன்று மட்டும் சிவப்பு. மாலை ஐந்து மணிக்குச் செயலி மூடிவிடும்.

மனுஷனுக்கு மீசையெல்லாம் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் பிறந்து வளர்ந்தது அவிநாசியில். மரியாதை இல்லாமல் மிரட்ட வாய் வரவில்லை. நந்திதா முன்னால் குந்தி உட்கார்ந்து, கண்ணை உருட்டி, "ஏனுங்க அம்மணி, இப்ப நீங்க அழுகலைன்னா உங்களையப் பூச்சாண்டி புடிச்சுட்டுப் போயிருவாருங்க," என்றார்.

"எந்த பஸ்ஸுலீங்க?" என்று கேட்டாள் நந்திதா.

சத்துணவுக் கனகம் நாலு சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டு வந்தாள். சத்தியசீலன் கை காட்டித் தடுத்தார். "விதி ஏழு, உட்பிரிவு மூணு. வெங்காயம், மொளகா, கிள்ளல் வகையறாவில் வரும் கண்ணீர் செல்லாது." அப்படியொரு விதி இருப்பதிலிருந்தே மற்ற ஊர்களில் என்ன நடந்தது என்று கனகத்துக்குப் புரிந்துவிட்டது.

மணி நாலே முக்கால். சத்தியசீலனின் போன் அடித்தது. மேலிடம். ஸ்பீக்கரில் போடாமலே எல்லாருக்கும் கேட்டது.

"ஒரே ஒரு குழந்தைய அழுக வெக்க முடியலை, நீயெல்லாம் என்னய்யா ஒருங்கிணைப்பாளர்? வால்பாறைக்கு மாத்திரட்டுமா?"

"ஐயா, மகளுக்குப் பன்னெண்டாவதுங்க ஐயா... சம்சாரத்துக்கு உடம்புக்கு முடியலீங்க ஐயா..."

போன் கட்டாகிவிட்டது. சத்தியசீலன் குட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். உதடு துடித்தது. அப்புறம், சொன்னால் நம்பமாட்டீர்கள், இரண்டு கண்ணிலிருந்தும் தாரையாகக் கொட்டியது, மீசையெல்லாம் நனைய. அதைப் பார்த்ததும் கிருபாவதிக்குத் தன் எட்டு வருஷமும் நெஞ்சில் முட்டிக்கொண்டு வந்தது. அவளும் அழுதாள்.

நந்திதா எழுந்து போய்த் தன் சட்டையில் குத்தியிருந்த கைக்குட்டையை அவிழ்த்தாள். சத்தியசீலன் முகத்தைத் துடைத்தாள். "பையை ஆணியில மாட்டுங்க கண்ணு," என்றாள். "கையைக் கழுவுங்க. அம்மா சாயந்தரம் வந்துருவாங்க."

திருமலைசாமிக்கு எப்படித்தான் தோன்றியதோ, போனை எடுத்து ஒரு படம் பிடித்தார். நந்திதாவின் பெயருக்கு நேரே ஏற்றினார். செயலி ஒரு சுற்றுச் சுற்றியது. கண்ணீர் ஏற்கப்பட்டது. பச்சை.

அழுகை தொடங்கியது, நின்றது, இரண்டும் முப்பதாம் தேதி. மொத்தம் நாலு நிமிஷம். உத்தி: ஆறுதல்.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. நாலே நிமிடத்தில் அழுது முடித்த செல்வி நந்திதா முன்மாதிரிக் குழந்தையாக அறிவிக்கப்பட்டிருந்தாள். பக்கத்திலேயே படம். மீசையோடு சத்தியசீலன் தேம்பிக்கொண்டிருந்தார். கீழே 'நந்திதா, வயது மூன்றே முக்கால்' என்று போட்டிருந்தது. ஆறு மேலதிகாரிகள் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், 'குழந்தை வயதுக்கு மீறிய வளர்ச்சி, பாராட்டுகள்' என்று பச்சை மையில் எழுதியிருந்தார். கோயமுத்தூரில் 'நாலு நிமிட அழுகை' கோச்சிங் சென்டர் ஒன்று திறந்தார்கள். வாசலில் கார்கள் வரிசை கட்டின. "எங்க பையன் மூணரை நிமிஷத்துல முடிச்சுர்றானுங்க" என்று கல்யாண வீடுகளில் பேச்சு.

கிருபாவதிக்கு நீட்டிப்பு வந்தது. மறுபடியும் ஒரு வருஷம். மறுபடியும் தற்காலிகம்.

ஆகஸ்டில் செயலி மெருகேறியது. குழந்தைகள் கணக்கு முடிந்தது, இனிப் பணியாளர்கள் கணக்கு. அதே கட்டங்கள். படம் மட்டும் புன்னகையோடு இருக்க வேண்டும்.

'அழுகை தொடங்கிய நாள்' என்ற கட்டத்தில் கிருபாவதி தான் வேலையில் சேர்ந்த தேதியைப் போட்டாள். 'நின்ற நாள்' என்பதில் விரல் நின்றுவிட்டது. காலியாக விட்டால் செயலி நகரவில்லை.

"இன்னைக்குத் தேதியப் போட்டுடுங்க டீச்சர்," என்றார் திருமலைசாமி. "நானும் அதைத்தான் போட்டேன்."

"நானும் அதேதானுங்க," என்றார் இதே வேலையாகப் பள்ளிக்கு வந்திருந்த சத்தியசீலன்.

படம் பிடிக்க நந்திதாவிடம் போனைக் கொடுத்தார்கள். அவளுக்கு அதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. "சார், தள்ளாதீங்க. லைன்ல நில்லுங்க. முன்னால இருக்கறவங்க தோள்ல கை வையுங்க." சத்தியசீலன் தோளில் திருமலைசாமி கை வைத்துக்கொண்டார். கிருபாவதி முன்னால் வந்து சிரித்தாள். 'புன்னகை போதாது' என்றது செயலி. இன்னொரு தடவை சிரித்தாள். போதாது. பின்னாலிருந்த இருவரும் ஒத்தாசைக்குச் சேர்ந்து சிரித்துப் பார்த்தார்கள். அதுவும் போதாது.

நந்திதா போனை இறக்கிவிட்டு மூன்று பேரையும் பார்த்தாள். அவளுக்குப் பாவமாக இருந்தது.

"கண்ணைத் தொடைச்சுட்டுச் சிரிங்க," என்றாள். "அம்மா சாயந்தரம் வந்துருவாங்க."

மூன்று பேரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.