அடுத்தவர் இனாமுக்கு நான் சொன்ன நக்கோ

வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் நான் சுற்றுலா வழிகாட்டியாக வேலை பார்த்திருக்கிறேன். ஏன் ஒரு நாளோடு நின்றது என்று கேட்பவர்களிடம், ரயில்வேயில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்வது என் வழக்கம். அது பொய்யில்லை. ஆனால் அந்த ரயில்வே வேலை கிடைக்க அதற்கப்புறம் ஒரு வருஷம் ஆனது. நடுவில் என்ன செய்தாய் என்று நல்லவேளையாக யாரும் கேட்டதில்லை.

நிஜாம் காலம். நாங்கள் சிகந்தராபாத்தில் லாலாகுடா ரயில்வே காலனியில் இருந்தோம். நைனா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சொந்த ஊர் அரக்கோணம். நான் மெட்ரிகுலேஷன் முடித்துவிட்டு, வேலை என்னைத் தேடி வரும் என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷ் நன்றாக வரும் என்று எனக்கு ஒரு எண்ணம். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் ஒரு கோப்பை வேறு வாங்கியிருந்தேன். அந்தக் கோப்பையைத் துடைப்பது தவிர அன்றைக்கு எனக்கு வேறு உத்தியோகம் இல்லை.

குளிர்காலத்தில் பம்பாய்த் துறைமுகத்துக்கு வெள்ளைக்காரப் பயணிகளோடு பெரிய கப்பல்கள் வரும். அதில் சிலர் கப்பலை விட்டு இறங்கி, ரயிலில் நாட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே மதராஸுக்குப் போய் அங்கே மறுபடி கப்பல் ஏறுவார்கள். வழியில் ஒரு பகல் ஹைதராபாத். ஸ்டேஷனில் கப்பல் கம்பெனிக்காக இவர்களுக்குக் கார் ஏற்பாடு செய்வது எங்கள் தெருக்கோடி வீட்டு தேவசகாயம் அண்ணன். திருநெல்வேலிக்காரர். அன்றைக்கு வழக்கமான வழிகாட்டி ஒருவர் வரங்கலில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் திரும்பவில்லை. அண்ணன் விடியற்காலையில் வந்து, நாற்காலியோடு சேர்த்து என்னைத் தூக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார்.

வழியெல்லாம் புத்திமதி. கோல்கொண்டாவில் என்ன சொல்ல வேண்டும், சார்மினாரில் எங்கே நிறுத்த வேண்டும், தண்ணீர் எங்கே குடிக்கக் கூடாது. கடைசியாக முக்கியமான ஒன்று.

"தம்பி, காசு மட்டும் வாயத் தொறந்து கேட்டுறாத. போன வாட்டி ஒருத்தன் கேட்டுட்டான், கம்பெனிக்குப் புகாரே போயிட்டு."

கேட்காதே என்றுதான் அவர் சொன்னார். கொடுத்தால் வாங்காதே என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு அன்று சாயங்காலம்தான் புரிந்தது.

எனக்கு வாய்த்தவர்கள் அமெரிக்கத் தம்பதி. ஹார்ப்பர் என்று பெயர். இருவருக்கும் அறுபது வயதுக்கு மேல் இருக்கும். காரை ஓட்டியவர் காசிம் மியான். நடுத்தர வயது, மருதாணி போட்ட தாடி, துவைத்துத் துவைத்து வெளுத்த ஷெர்வானி. அந்த வருஷம் ரம்ஜான் நோன்பு குளிர்காலத்தில் வந்திருந்தது. மனிதர் எச்சில்கூட விழுங்காமல் வண்டி ஓட்டினார். மத்தியானம் அந்த அம்மாள் அவருக்கு ரொட்டியும் முட்டையும் நீட்டினாள். நான் நோன்பைப் பற்றி விளக்கினேன். அவள் கண் பெரிதாகிவிட்டது. அன்று நான் உருப்படியாகச் சொன்ன ஒரே தகவல் அதுதான்.

கோல்கொண்டாவை நான் அதற்கு முன்பு ஒரே தடவை பார்த்திருந்தேன், பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது. அன்றைக்கும் பாதி நேரம் தொலைந்துபோன ஒற்றைச் செருப்பைத் தேடினேன். ஆகையால் எந்த மண்டபத்தைக் காட்டி ஹார்ப்பர் கேட்டாலும் சுல்தான் இங்கேதான் ஓய்வெடுப்பார் என்று சொல்லிவைத்தேன். உச்சிக்குப் போவதற்குள் சுல்தான் ஓய்வெடுக்காத இடமே இல்லை என்றாகிவிட்டது. அந்த அம்மாள் மெதுவாக, உங்கள் சுல்தான் வேறு வேலையே பார்க்க மாட்டாரா என்று கேட்டாள். (நம்மள மாதிரி ஆளு போல இருக்கு என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.)

இருந்தாலும் அவர்கள் நல்ல மனிதர்கள். லாட் பஜாரில் வளையல் வாங்கினார்கள், சார்மினாரை நாலு பக்கமும் படம் எடுத்தார்கள், என் இங்கிலீஷை இரண்டு முறை பாராட்டினார்கள். அந்த இரண்டாவது பாராட்டில்தான் எனக்குத் தலை கொஞ்சம் சுற்ற ஆரம்பித்திருக்க வேண்டும்.

சூரியன் இறங்கும் நேரத்துக்கு ஸ்டேஷன் திரும்பினோம். கார் நின்றது. காசிம் மியான் இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு பணிவாக நின்றார். ஹார்ப்பர் பர்ஸை எடுத்துக்கொண்டே என்னைத் தனியாக ஒதுக்கி, டிரைவருக்கும் உனக்கும் எவ்வளவு கொடுப்பது இங்கே வழக்கம், எனக்குத் தெரியவில்லை, நீயே சொல் என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நான் ஒரு தொகையைச் சொல்லியிருக்கலாம். உங்கள் இஷ்டம் என்று சொல்லியிருக்கலாம். சும்மா சிரித்திருந்தால்கூடப் போதும். ஆனால் எனக்குத் தேவசகாயம் அண்ணனின் எச்சரிக்கை ஞாபகம் வந்தது. கம்பெனிதான் இவரை விட்டு என்னைச் சோதிக்கிறதோ என்று ஒரு சந்தேகமும் வந்தது. இவற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு பேச்சுப் போட்டிக் கோப்பை முன்னால் வந்து நின்றது. நெஞ்சை நிமிர்த்தினேன். ஐயா, ஹைதராபாத்துக்கு வந்தவர் எங்கள் விருந்தாளி, விருந்தாளியிடம் காசு வாங்குவது எங்கள் ரத்தத்தில் இல்லை, என்னையும் இந்த டிரைவரையும் உங்கள் அன்பு ஒன்றாலேயே கௌரவியுங்கள் என்று சுத்தமான இலக்கண இங்கிலீஷில் சொல்லி முடித்தேன்.

அந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹார்ப்பர் பர்ஸை உள்ளே வைத்தார். நேரே காசிம் மியானிடம் போனார். மியான் வழக்கப்படி உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை லேசாக நீட்டி வைத்திருந்தார். ஹார்ப்பர் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, உணர்ச்சியோடு, நீண்ட நேரம் குலுக்கினார். பிறகு மனைவியோடு உள்ளே போய்விட்டார்.

காசிம் மியான் தன் உள்ளங்கையைப் பார்த்தார். திருப்பிப் புறங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தூ நக்கோ போல்யா?"

வேண்டாம் என்று சொன்னாயா என்று கேட்கிறார். ஹவ், ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

"கைக்கு?"

ஏன் என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் இங்கிலீஷில்தான் பதில் இருந்தது. அந்த ஊர் தக்கனி உருதுவில் சொல்லிப் பார்த்தபோது எனக்கே அசட்டுத்தனமாகப் பட்டது. அவர் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. நோன்பு இருப்பவர், கோபப்படக் கூடாது என்று அடக்கிக்கொண்டாரோ என்னவோ. சாவகாசமாக எடுத்துச் சொன்னார். கார் முதலாளியுடையது, முதலாளி கொடுப்பது பெட்ரோலும் மாதத்துக்கு ஏதோ கொஞ்சமும், சீசனில் இந்தக் கப்பல்காரர்கள் கொடுக்கும் இனாமில்தான் வீடு ஓடுகிறது. பண்டிகை நெருங்கிவிட்டது, பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்து ஸ்டேஷன் பக்கமாகத் திருப்பினார்.

"நக்கோ போல்யா நா? அப் ஜாக்கே ஹவ் போல்."

போய் ஹவ் சொல்வதற்கு நான் பிளாட்பாரத்தில் ஓடினேன். ரயில் கிளம்பத் தயாராக நின்றது. முதல் வகுப்புப் பெட்டி வாசலில் ஏழெட்டு வெள்ளைக்காரர்கள் கூடியிருந்தார்கள். நடுவில் ஹார்ப்பர். அவர்களில் ஒரு தடித்த மனிதர் தன் வழிகாட்டி காசு பிடுங்கியதைப் பற்றிப் புலம்ப, ஹார்ப்பர் அவருக்கு எங்கள் இருவரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்ததும், இதோ அந்தப் பையன் என்று தோளில் கைபோட்டு அறிமுகப்படுத்தினார். எல்லோரும் வரிசையாக என் கையைக் குலுக்கினார்கள். ஒரு கிழவி என் கன்னத்தைத் தட்டினாள்.

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. சிகந்தராபாத் பிளாட்பாரமோ நல்ல உறுதியான கருங்கல். பிளக்கவில்லை.

ஐயா, ஒரு சின்னத் திருத்தம் என்று ஆரம்பித்தேன். அந்த டிரைவர் ஹைதராபாத்காரர் இல்லை.

"அப்படியா? வேறு எந்த ஊர்?"

"பீதர், சார்." (இது உண்மை. காலையில் அவரே சொன்னது.)

"பீதரில் வாங்குவார்களா?"

"பீதரில் வாங்குவார்கள், சார்."

ஹார்ப்பருக்கு மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. நீ எந்த ஊர் என்று கேட்டார். ஹைதராபாத் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஏற்கெனவே சொன்ன ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததிலேயே எனக்கு மூச்சு வாங்கியது.

"அரக்கோணம்."

"அரக்கோணத்தில் வாங்குவார்களா, மாட்டார்களா?"

வாங்குவார்கள் என்றால் இவ்வளவு நேரம் குலுக்கிய கைகளுக்கு என்ன பதில்? மாட்டார்கள் என்றால் என் கதி? மூளை அப்படியே நின்றுபோனது. வாய் மட்டும் நிற்கவில்லை.

"அரக்கோணம் ஒரு ஜங்ஷன், சார்."

முதலில் சிரித்தவள் அந்த அம்மாள்தான். பிறகு பெட்டியே சிரித்தது. அப்படியானால் காலையிலிருந்து நாங்கள் பார்த்த ஹைதராபாத்காரர் யார் என்று ஹார்ப்பர் கேட்டார். எனக்குத் தெரிந்து சுல்தான் ஒருவர்தான், அவர் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார் என்று அந்த அம்மாளே பதில் சொன்னாள். கார்டு விசில் ஊதினார். ஹார்ப்பர் அவசரமாகப் பர்ஸைத் திறந்து, டிரைவருக்கு என்று நோட்டுகளை என் கையில் வைத்து மூடினார். எனக்கும் ஏதோ எடுக்கப் போனார். கொஞ்சம் யோசித்தார். வேண்டாம், உன் கௌரவத்தை இரண்டாவது தடவை புண்படுத்த மாட்டேன் என்று சொல்லி, நல்ல அழுத்தமாக ஒரு கைகுலுக்கல் கொடுத்தார். ரயில் நகர்ந்தது. பெட்டி முழுக்கக் கைக்குட்டை ஆடியது. நானும் ஆட்டினேன்.

வெளியே வந்து காசிம் மியானிடம் நோட்டுகளைக் கொடுத்தேன். கல்தார் என்று முணுமுணுத்தார். பிரிட்டிஷ் பணத்துக்கு அங்கே அப்படிப் பெயர், நிஜாம் பணத்தைவிட மதிப்பு அதிகம். முகம் மலர்ந்துவிட்டது. உனக்கு என்று கேட்டார். வெறுங்கையைக் காட்டினேன். அதற்குள் மசூதியிலிருந்து பாங்குச் சத்தம் கேட்டது. ஸீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பேரீச்சம்பழத்தால் நோன்பைத் திறந்தார். எனக்கும் கொடுத்தார். இந்தத் தடவை நான் நக்கோ சொல்லவில்லை.

என்னைக் காரிலேயே காலனிக்குக் கொண்டுவந்து விட்டார். எங்கள் தெருவுக்கு அதுவரை கார் வந்ததில்லை. பையன் பெரிய மனுஷனாகிவிட்டான் என்று அக்கம்பக்கத்தார் வெளியே வந்து பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் நடுவில், காசிம் மியான் நடந்ததை ஒன்றுவிடாமல் நைனாவிடம் சொன்னார். சொன்னாரா, நடித்தே காட்டினார். ஜங்ஷன் விஷயம் வரைக்கும் நானே வழியில் உளறியிருந்தேன். நைனா சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்றைக்குத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் சரிடா, அரக்கோணத்த இன்னாத்துக்குடா இழுத்த?"

தேவசகாயம் அண்ணன் அதற்கப்புறம் என்னை அழைக்கவில்லை. நீ ஆபீஸ்ல உக்காந்து எழுதுற வேலைக்குத்தாம்ப்பா லாயக்கு என்று சொல்லிவிட்டார். சரியாகத்தான் சொன்னார், ரிட்டையர் ஆகும்வரை அதைத்தான் செய்தேன். காசிம் மியான் அந்தப் பண்டிகைக்குத் தூக்குப்பாத்திரம் நிறைய ஷீர் குர்மா என்ற சேமியா பாயசம் கொண்டுவந்தார். புதுத் துணி போட்ட பிள்ளைகளையும் கூட்டிவந்தார். அவர் இருந்தவரை வருஷா வருஷம் அந்தப் பாயசம் நிற்கவில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கதை ஒரு கேள்வியாக மிஞ்சிவிட்டது. பந்தியில் யாராவது ஒப்புக்கு "போதும், வேண்டாம்" என்றால் என் மனைவி கரண்டியை நிறுத்தி, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்பாள். பீதர் என்றால் இன்னும் ஒரு கரண்டி விழும்.

என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது பிள்ளையின் தகப்பனார் கேசரித் தட்டைக் கையால் மறைத்து வேண்டாம் என்றார். என் மனைவி பழக்கதோஷத்தில் கேட்டேவிட்டாள். அவர் பாவம், தன் பூர்வீகத்தை விசாரிக்கிறாள் என்று நினைத்து, "காட்பாடிங்க" என்றார்.

"அதுவும் ஜங்ஷன்தான்," என்று உள்ளேயிருந்து கல்யாணப் பெண்ணின் குரல் கேட்டது.

சம்பந்தம் முறிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். முறியவில்லை. பிள்ளைக்கு என்னவென்று தெரிந்தே ஆகவேண்டுமாம். முழுக்கதையையும் நானே அவர் முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை இன்றுவரை எங்கள் வீட்டில் எதைக் கொடுத்தாலும் முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்கிறார்.