மாமனாரின் இன்ஜினும் என் ராகுகால நடையும்

ராகுகாலத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பல வருஷமாகிறது. சொன்னால் சிரிக்கிறார்கள்.

அறுபதுகளில், மாட்டுங்காவில் எனக்குக் கல்யாணமான புதிது. மாமனார் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். மூலையில் செத்துக் கிடந்த ஒரு பழைய நீராவி இன்ஜினோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டி, அதற்கு உயிர் கொடுத்திருந்தார். மறு மாதம் ரிட்டயர்மென்ட். அதற்குள் ஒரு ஞாயிறு மாலை அந்த இன்ஜின் கல்யாண் ஸ்டேஷனுக்கு அப்பால் ஓடப்போகிறது, அதில் அவரும் நிற்பார் என்று முடிவாயிற்று.

"ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுங்கோ மாப்ளே. அது போறும் எனக்கு" என்றார். அவர் என்னிடம் ஏதாவது கேட்டது அதுதான் முதல் தடவை. ஆபீஸ் நண்பனிடம் காமிரா இரவல் வாங்கினேன்.

நானும் என் மனைவி ஜெயாவும் மாமியாரும் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கியபோது மணி நாலரை. வயல் வழியே ஒரு மைல் நடந்து, மலை பின்னால் தெரியப் படம் எடுப்பது என் திட்டம். (பிளாட்பாரத்தில் நின்று எவன் வேண்டுமானாலும் எடுப்பானே!) மாமியார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ராகுகாலம் பொறந்துடுத்து. ஆறு மணி வரைக்கும் ஓரடி எடுத்து வைக்கமாட்டேன்."

"ரெண்டு மணிக்கே ஆத்தை விட்டுக் கிளம்பியாச்சே மாமி. இது அதே பிரயாணந்தான்."

"ரயில்லேர்ந்து எறங்கினா அது வேற பிரயாணம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயாவை இழுத்துக்கொண்டு, கண்ணில் பட்ட தண்டவாளத்தை ஒட்டி விறுவிறுவென்று நடந்தேன். ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. பாண்ட்டை முள்வேலி கிழித்தது.

"ஏன்னா, தண்டவாளம் துருப்பிடிச்சுக் கெடக்கே?" என்றாள் ஜெயா. ஃபிட்டர் பெண் அல்லவா!

"பழைய இன்ஜினுக்குப் பழைய தண்டவாளம்" என்றேன். (மகா மேதாவி!)

வெளிச்சம் பார்க்க ஒரு படம் எடுத்தேன். அப்போது விசில் கேட்டது, முதுகுக்குப் பின்னால். எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்து, "காடீ இக்கடே நாஹீ" என்றார். வண்டி இந்தப் பக்கம் வராதாம்; இது மூடிப்போன கல்குவாரிக்குப் போகும் லைனாம். தூரத்தில் மரங்களுக்கு மேலே புகை மட்டும் தெரிந்தது.

மூச்சிரைக்கத் திரும்பி ஓடினோம். மாமியார் அதே பெஞ்சில் ஃப்ளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்தார்.

"தண்ணி பிடிக்க கால் மணி நேரம் நின்னுது. எறங்கி வந்து காபி சாப்ட்டார். நாலு பக்கமும் ஒங்களைத் தேடினார். போயிட்டார்."

ஜெயா அழுதாள். மாட்டுங்கா வரும்வரை என்னோடு பேசவில்லை. எனக்கே என்னோடு பேசப் பிடிக்கவில்லை.

ஃபிலிம் ரோலைக் கழுவியதும், இருந்த ஒரே படத்தை எடுத்துக்கொண்டு மாமனாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். தண்டவாளம், புல், மலை. வெகுநேரம் பார்த்தார். மறுவாரமே அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்:

"நான் சரிபண்ணின இன்ஜின். மாப்ளே எடுத்தது. போன வேகத்துல படத்துல விழலை."

அவர் காலத்துக்குப் பிறகு படம் எங்கள் வீட்டுக்கு வந்தது. வசனத்தை இப்போது ஜெயா சொல்கிறாள். அவள் வாயைத் திறந்ததுமே, காபி கொண்டுவருகிற சாக்கில் நான் அடுக்களைக்குள் போய்விடுவேன்.